கண்ணாடி இழையும் குடிகளின் உரிமையும்

விழுப்புரம் ஜங்ஷனை அறியாதவர் தமிழ்நாட்டில் அரியர். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் வண்டிகள் அங்கே வந்து, விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கும், கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கும், கிழக்கே புதுச்சேரிக்கும், மேற்கே திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் பிரிந்து செல்கின்றன. வண்டி தாமதித்தால், ஸ்டேஷன் மாஸ்டரை அணுகி, "எப்பொழுது வரும்?" என்று கேட்பதற்கு டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் பாத்தியதை உண்டு. அவர் கூறும் விடை நமக்குத் திருப்தியளிக்காமல் போகலாம். எனினும் விடை கூறக் கடமைப்பட்டவர் ஒருவர் இருக்கின்றார். இன்று ரெயில் பாதைக்கு நிகரான வேறொரு பாதை நமது வீட்டு வாசல் வரையில் வந்திருக்கின்றது. தலைமயிர் பருமனுள்ள கண்ணாடி இழை அது. அதன் வழியே உத்தியோகமும் வியாபாரமும் பிள்ளைகளின் படிப்பும் பிரயாணம் செய்கின்றன. அப்பாதை அறுந்தால் கேட்பதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் எங்கே? இக்கேள்வியைப் பற்றியே இன்று எழுத முற்பட்டோம்.

நமது நண்பர் ஒருவர் கம்ப்யூட்டர் எஞ்சினீயர். சென்னையிலுள்ள ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷங்களாக உத்தியோகம் பார்த்து வருபவர். 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நோயின் பொருட்டு நாடு முழுதும் கதவடைத்தபொழுது, மனைவி மக்களுடன் சொந்த ஊராகிய திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தார். வயது முதிர்ந்த தந்தையும், கண்பார்வை குன்றிய தாயும் அங்கே இருந்தனர். நோய் தணிந்த பின்பும் அவர் சென்னைக்குத் திரும்ப விரும்பவில்லை. "வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், ஆனால் இன்டர்நெட் இணைப்புத் தடைப்படலாகாது, தடைப்பட்டால் ஆபீஸுக்கே வரவேண்டும்" என்ற நிபந்தனையின் பேரில் கம்பெனியாரும் அனுமதி கொடுத்தனர். பெற்றோருக்குப் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்யும் பாக்கியம் அந்த ஒரு நிபந்தனையைப் பொறுத்ததாயிற்று. "என் பிழைப்பு அந்த இழையிலேதான் தொங்குகிறது" என்று அவர் ஒரு நாள் நம்மிடம் கூறியபொழுது, அதை வேடிக்கைப் பேச்சாக எண்ணி நாம் சிரித்தோம். பின்னர் நடந்தவற்றைக் கேட்டபொழுது சிரிப்பு வரவில்லை.

அவர் இணைப்பு வாங்கிய கம்பெனியின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. நமது நோக்கம் ஒரு கம்பெனியைத் தூற்றுவதன்று. பகலெல்லாம் இணைப்பு ஒழுங்காக இருக்கும். மாலை ஏழு மணிக்குமேல், அமெரிக்காவிலுள்ளோர் கண்விழித்து அவருடன் பேச வேண்டிய வேளையில், பேச்சு அறுந்து அறுந்து வரும். சில நாட்களில் பெட்டியிலுள்ள பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரியும். டெலிபோனில் முறையிட்டால், "சார், பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்" என்பதே விடை. ஊரிலுள்ள கேபிள்காரரைக் கேட்டால், "எங்கள் பக்கத்தில் கோளாறு இல்லை; மேலே கம்பெனியைக் கேளுங்கள்" என்பார். கம்பெனியைக் கேட்டால், "உள்ளூர் ஏஜெண்டைக் கேளுங்கள்" என்பார்கள். இவ்வாறு ஒருவர் மற்றொருவரைக் காட்ட, மாதம் ஒன்று சென்றது. ஆபீஸிலிருந்து முதல் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது.

நண்பர் தொழில் தெரிந்தவராகையால், புலம்பிக்கொண்டிராமல் காரணத்தை ஆராயப் புகுந்தார். அவர் கண்டறிந்தவற்றை நமக்கு எளிய தமிழில் விளக்கினார். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மட்டுமன்றி, எவ்வூரிலும் மாதச் சந்தா கட்டும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய விஷயங்களாகையால், அவற்றைக் கீழே தருகின்றோம்.

நம் வீட்டுக்கு வரும் இழை நமக்கு மட்டும் உரியதன்று. கம்பெனியின் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையில், பெரும்பாலான ஊர்களில், வினாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் அளவு வெளிச்ச வடிவில் செய்தி இறங்கி வருகின்றது. அதில் பாதியளவு மேலே செல்லக்கூடும். தெருக்கோடியில் 'ஸ்ப்ளிட்டர்' என்னும் ஒரு சிறு கருவி அந்த வெளிச்சத்தை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பங்கிடுகின்றது. 32 வீட்டாரும் ஒரே சமயத்தில் முழு அளவும் கேட்டால் தலைக்கு 78 மெகாபிட் கிட்டும். 64 வீட்டாராயின் அதில் பாதி. விளம்பரத்தில் 'இருநூறு மெகாபிட் வரையில்' என்று எழுதியிருக்கின்றதே, அதில் 'வரையில்' என்ற சொல்லைத்தான் நாம் கவனிப்பதில்லை. சட்டம் பயின்ற நாமே அதைக் கவனியாமல் சந்தா கட்டி வந்தோம் என்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

பங்கிடுவதனால் மட்டும் கெடுதி இல்லை. எல்லோரும் ஒரே கணத்தில் முழு அளவும் கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வெளிச்சத்தை இரண்டாகப் பிரிக்கும்பொழுதும் அதன் வலிமை பாதியாகின்றது. இதை 3 டெசிபல் நஷ்டம் என்பர். இணைப்பிலே அழுக்கு ஏறினாலும், இழையை முறுக்கி ஆணியில் மாட்டினாலும், ஒட்டு சரியில்லாவிட்டாலும் மேலும் நஷ்டமாகும். வீட்டிலுள்ள பெட்டிக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவைப் பெட்டியின் உட்பக்கத்திலேயே காணலாம். சுமார் கழித்தல் 27-க்குக் கீழே போனால் பெட்டி தடுமாறும். நண்பரின் பெட்டி கழித்தல் 29 என்று காட்டிற்று. மறுநாள் கேபிள்காரரிடம் வேலை செய்யும் இளைஞனை அழைத்து, "தம்பி, கம்பத்திலுள்ள பெட்டியைத் திறந்து பார்க்கலாமா?" என்று வேண்ட, அவனும் ஏறினான். மழைநீர் புகுந்து, எறும்பு கூடு கட்டியிருந்தது. இணைப்பைச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, வளைந்திருந்த இழையை நேராக்கி வைத்தபொழுது, அளவு கழித்தல் 21 ஆயிற்று. அதாவது வெளிச்சம் ஆறு மடங்குக்கு மேல் பெருகிற்று. ஒரு மாதத் தொல்லை அரைமணி நேரத்தில் தீர்ந்தது.

அந்த இளைஞன் கம்பத்திலிருந்து இறங்கியபின் கூறியதையும் மறைக்காமல் எழுத வேண்டும். "சார், நாலு ஊருக்கு நான் ஒருவன். மாதச் சம்பளம் பெட்ரோலுக்கே போய்விடுகிறது. வெளிச்சம் அளக்கும் கருவி ஆபீஸில் ஒன்றுதான், அதுவும் இன்று விழுப்புரத்தில் இருக்கிறது" என்றான். குறை அவனுடையதன்று. மின்சாரக் கம்பத்தில் உயிரைப் பணயம் வைத்து ஏறுபவனைக் கடிந்துகொண்டு நாம் நியாயம் பெற்றுவிட முடியாது. குறை, சந்தாவை வாங்குவதற்கு ஓர் ஏற்பாடும், பழுது பார்ப்பதற்கு அதிற் பாதி ஏற்பாடுங்கூட இல்லாத முறையிலே இருக்கின்றது.

நிற்க. விழுப்புரத்திலுள்ள மாமனார் வீட்டில் நண்பருக்கு வேறு வகை அனுபவம். அங்கே மாமனார், "மாப்பிள்ளை, மாதம் பிறந்தால் ஆயிரம் ரூபாய் கட்டுகிறேன், பின்கட்டில் ஒன்றும் வருவதில்லையே" என்று முறையிட்டார். பழைய காலத்துச் செங்கல் சுண்ணாம்புச் சுவர். ரவுட்டரோ கூடத்து மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். வைஃபை என்பது ஒருவகை ரேடியோ அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவிச் செல்லும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத வழிகள் 1, 6, 11 என்ற மூன்றே. அண்டை வீட்டு ரவுட்டர்கள் பத்தும் அம்மூன்று வழிகளிலேயே நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் இடம் தாராளம், வேகமும் அதிகம், ஆனால் இரண்டு சுவர் கடந்தால் சோர்ந்துவிடும். இந்தியாவில் 2.4 அலையை லைசென்ஸ் இல்லாமல் யாவரும் உபயோகிக்க 2005-லும், 5 அலையைப் பரவலாக உபயோகிக்க 2018-லும்தான் சர்க்கார் வழிவிட்டனர் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

மேலும் ஆராய்ந்ததில், மாமனார் 200 மெகாபிட் சந்தா கட்டிவர, கொடுக்கப்பட்டிருந்த ரவுட்டரின் துளைகளோ 100 மெகாபிட்டுக்கு மேல் கொள்ளாதவை என்று தெரிந்தது. படியளவு பாத்திரத்தில் மரக்கால் பாலை ஊற்றி, விலையை மட்டும் மரக்காலுக்கு வாங்குவது போன்ற காரியம் இது. நண்பர் அதை மாற்றச் செய்து, ரவுட்டரைக் கூடத்து நடுவில் உயரத்தில் வைத்து, பின்கட்டுக்கு ஒரு நல்ல செப்புக் கம்பி வடத்தை இழுத்து, அங்கே சிறு பெட்டி ஒன்றை வைத்தார். அவ்வடம் நூறு மீட்டர் வரையில் சோர்வின்றிச் செய்தி கொண்டு செல்லும். எட்டுக் கம்பியும் உள்ள வடமாக இருத்தல் வேண்டும். நான்கு கம்பி மட்டும் கொண்ட மட்டமான வடம் நூறு மெகாபிட்டோடு நின்றுவிடும். இன்னொன்று: மெகாபிட் என்பதும் மெகாபைட் என்பதும் ஒன்றல்ல. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். இதை அறியாமல் கம்பெனியோடு சண்டையிடுவோர் உளர். இவ்வறியாமையைத் தமக்குச் சாதகமாகக் கொள்வோரும் உளர்.

மூன்றாவது தொல்லை விலாசத்தைப் பற்றியது. தபாலுக்கு வீட்டு விலாசம்போல் இன்டர்நெட்டிலும் ஒவ்வோர் இணைப்புக்கும் எண் விலாசம் வேண்டும். பழைய முறையில் உலகம் முழுமைக்கும் சுமார் 430 கோடி விலாசங்களே உண்டு. மனிதரோ 800 கோடிக்கு மேல். ஆகையால் கம்பெனிகள் ஒரே விலாசத்தைப் பல வீடுகளுக்குப் பொதுவாக்கிக் கொடுக்கின்றன. ரவுட்டரில் காணும் விலாசம் 100.64 முதல் 100.127 வரையில் உள்ள எண்ணில் ஆரம்பித்தால் நீங்கள் அத்தகைய ஒட்டுக்குடித்தனத்தில் இருக்கின்றீர்கள் என்று பொருள். படம் பார்ப்பதற்கு அதனால் குறைவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து தம் வீட்டுக் காமிராவில் தாயைப் பார்க்க விரும்பிய நண்பருக்கு வழி அடைபட்டது. ஐ.பி. ஆறாம் பதிப்பு என்னும் புதிய முறையில் விலாசப் பஞ்சமே இல்லை. அதைக் கொடுக்கும்படி கேட்டு வாங்குவது சந்தாதாரரின் கடமை. கேளாதவருக்குத் தாமாக எடுத்துக் கொடுப்போர் சிலரே.

இவையெல்லாம் ஒருவர் வீட்டு விவகாரம், பத்திரிகையின் இப்பக்கத்தில் எழுதத்தகுமோ என்று சிலர் கேட்கக்கூடும். தகும் என்றே கூறுகின்றோம். 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறக்கப்பட்டபொழுது அது நகரத்தாரின் அபூர்வப் பொருளாயிருந்தது. 2004-ல் வினாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அதைப் 'பிராட்பேண்டு' என்று சர்க்கார் மதித்தனர். 2013-ல் 512 என்றாக்கினர். 2023-ல்தான் 2 மெகாபிட் என்று உயர்த்தினர். இன்று ரேஷன் கார்டு, பட்டா, பரீட்சை விண்ணப்பம், பாங்கிக் கணக்கு யாவும் அவ்வழியே நடைபெறுகின்றன. சௌகரியமாயிருந்தது அவசியமாயிற்று, அவசியமான பொருளில் அலட்சியம் செய்வது அநீதியாகும்.

நம் பக்கத்து மக்கள் இதற்கு என்றும் பின்வாங்கியவர்கள் அல்லர். 1998-ஆம் வருஷத்திலேயே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு கிராம அறிவு நிலையங்களை அமைத்தனர். வீராம்பட்டினம் செம்படவர்களுக்குக் கடல் அலையின் உயரத்தைப் பற்றிய செய்தி இன்டர்நெட்டிலிருந்து எடுக்கப்பட்டு ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் எழுந்த குழுவினர், கம்பியின்றிக் கிராமங்களுக்கு டெலிபோனும் இன்டர்நெட்டும் கொண்டு செல்லும் 'கார்டெக்ட்' என்னும் முறையை உருவாக்கினர். டெல்லியில் 1984-ல் ஆரம்பித்த ஸி-டாட் ஸ்தாபனம் நமது புழுதிக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும் கிராம டெலிபோன் நிலையங்களைச் சமைத்ததோடு, பிற்காலத்தில் கண்ணாடி இழைக்குரிய கருவிகளையும் செய்துகாட்டிற்று. அறிவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. தெருக்கம்பத்துப் பெட்டியை மூடி வைக்கும் ஒழுங்குக்குத்தான் பஞ்சம்.

பெரிய திட்டங்களுக்கும் குறைவில்லை. 2011-ல் மத்திய சர்க்கார் தேசிய கண்ணாடி இழைத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தனர். அதுவே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைப்பது அதன் குறிக்கோள். 2023-ல் அதற்கு 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டம் வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பொருட்டு 2018-ல் தனிக் கம்பெனி ஒன்று நிறுவப்பட்டது. நமது விழுப்புரம் ஜில்லாவிலேயே, வானூர் தாலுகா திருச்சிற்றம்பலத்தில், சுமார் 31 கோடி ரூபாய்ச் செலவில் 63,000 சதுர அடிப் பரப்புள்ள நியோ டைடல் பார்க் 2024-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி திறக்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அக்கட்டடத்தில் வேலை செய்வோரைக் காட்டிலும், தம் வீட்டுத் திண்ணையை ஆபீஸாக்கிக்கொண்டு, சென்னை வாடகைக்கு அஞ்சி ஊரோடு இருக்க விரும்பும் இளைஞர் தொகை பெரிது. அவர்களுக்கு டைடல் பார்க் என்பது கம்பத்திலுள்ள அந்தச் சிறு பெட்டியே.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு, 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை இப்பக்கத்தார் மறக்கமாட்டார்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிற்று. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறி ரெயில்கள் நின்றன. அரசூரில் தென்பெண்ணை வெள்ளம் பெரும் பாதையை மறித்தது. கம்பங்கள் சாய்ந்தன, அவற்றோடு இழைகளும் சாய்ந்தன. நண்பர் தம் ரவுட்டருக்கென்று 12 வோல்ட் பாட்டரிப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார். அது நான்கு மணி நேரம் தாக்குப் பிடித்தது. பின்னர் இருள். ரெயில் பாலத்தின் நிலையைப் பற்றி மணிக்கொரு அறிக்கை வந்தது. பாதை எப்பொழுது திறக்குமென்று கலெக்டர் ஆபீஸில் கேட்க முடிந்தது. இன்டர்நெட் எத்தெருவுக்கு எந்நாள் திரும்புமென்று மட்டும் அவருக்குச் சொல்ல ஒருவருமில்லை. நண்பரின் இணைப்பு திரும்பப் பத்தொன்பது நாள் ஆயிற்று. புயலுக்குக் கம்பெனி பொறுப்பாளியன்று; ஆனால் பத்தொன்பது நாளுக்கும் சந்தா கேட்டதற்குப் பொறுப்பாளியே.

அப்பொழுதுதான் அவர் நமது உதவியை நாடி வந்தார். சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதை வாசகர்களுக்கும் உபயோகமாகுமாறு சுருக்கமாகக் கூறுகின்றோம்.

டெலிபோன் ஒழுங்குமுறை ஸ்தாபனமாகிய 'டிராய்' 2012-ல் செய்த விதிகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் கம்பெனி ஓர் எண் கொடுக்க வேண்டும். அவ்வெண் இல்லாத புகார், ரசீது இல்லாத வரி போன்றது. புகாரில் திருப்தி ஏற்படாவிடில், முப்பது நாட்களுக்குள் அக்கம்பெனியின் அப்பீல் அதிகாரிக்கு எழுதலாம், கட்டணமில்லை, 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தனிப்பட்டவரின் புகாரை டிராய் நேரே விசாரிப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அங்கே எழுதிவிட்டுக் காத்திருப்போர் வீணே காத்திருப்பர்.

அதற்கு மேல் நுகர்வோர் கமிஷன் இருக்கின்றது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவைக் காட்டி, டெலிபோன் தகராறுகள் நுகர்வோர் மன்றத்துக்கு உரியவையல்ல என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு ஏற்பட்டது. அதனால் பல வருஷம் சந்தாதாரர் கை கட்டப்பட்டிருந்தது. 2022-ஆம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி, வோடஃபோன் ஐடியா வழக்கில், தந்திச் சட்டம் நுகர்வோர் மன்றத்தின் அதிகாரத்தைப் பறிக்கவில்லை என்று அதே கோர்ட்டு தெளிவாகத் தீர்ப்பளித்தது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனியின் தலைமை ஆபீஸ் பம்பாயிலோ டெல்லியிலோ இருந்தாலும், புகார் செய்வோர் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடரலாம். திண்டிவனத்தார் விழுப்புரத்துக்குச் சென்றால் போதும். சேவைக்காகக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை. வக்கீல் வேண்டுவதுமில்லை, வக்கீலாகிய நாமே இதை எழுதுகின்றோம். இரண்டு வருஷத்துக்குள் தொடர வேண்டும்.

இன்டர்நெட் அடிப்படை உரிமையா என்பது வேறு கேள்வி. விடுதியில் மாணவியர் செல்போன் உபயோகிப்பதைத் தடுத்த வழக்கில், இன்டர்நெட்டை அணுகுதல் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள ஹைகோர்ட்டு 2019-ல் கூறிற்று. இன்டர்நெட் வாயிலாகப் பேசும் உரிமையும் தொழில் நடத்தும் உரிமையும் அரசியலமைப்பின் பாதுகாப்புப் பெற்றவை என்று, காஷ்மீர் சம்பந்தமான அனுராதா பாசின் வழக்கில் 2020-ஆம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புகள் சர்க்காரும் ஸ்தாபனங்களும் விதிக்கும் தடையைப் பற்றியவை. கம்பெனியின் சோம்பலைப் பற்றியவையல்ல. ஆகையால் சந்தாதாரர் பெரிய தத்துவத்தைக் காட்டிலும் தம் கையிலுள்ள ரசீதையே ஆயுதமாகக் கொள்வது விவேகம்.

நண்பர் அவ்வாறே செய்தார். புகார் எண்கள், தேதிகள், வெளிச்ச அளவின் படங்கள் யாவற்றையும் வரிசைப்படுத்தி அப்பீல் அதிகாரிக்கு எழுதினார். கோர்ட்டுப் படி ஏற வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. பத்தொன்பது நாள் சந்தா கழிக்கப்பட்டது. கம்பத்துப் பெட்டிக்கு மூடி போடப்பட்டது. தொகை சொற்பம். ஆனால் அதே தெருவிலுள்ள ஏனைய இருபத்தாறு வீட்டாருக்கும் சந்தா கழிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கேட்கவில்லை, ஆகையால் கிடைக்கவில்லை.

இது பற்றிப் பொதுக்காரியத்தில் ஈடுபட்டோர் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, ஒவ்வொரு தெருவாரும் சேர்ந்து எழுத வேண்டும். ஒருவர் குரலுக்கு இல்லாத மதிப்பு முப்பது கையெழுத்துக்கு உண்டு. இரண்டாவது, நகராட்சியார் குடிநீருக்கும் சாக்கடைக்கும் தெருவைத் தோண்டும்பொழுதே, கண்ணாடி இழைக்கென்று ஒரு குழாயையும் பதித்துவிட்டால், பிற்காலத்தில் எந்தக் கம்பெனி வேண்டுமாயினும் வாடகை கொடுத்து அதில் இழையைச் செலுத்தலாம். தெருவுக்கு ஒரே கம்பெனி என்ற ஏகபோகமும் ஒழியும், புயலுக்குக் கம்பம் சாய்ந்தாலும் இழை பிழைக்கும். மூன்றாவது, தோண்டுவோர் முன்கூட்டி அறிவிப்பதற்கென்று 2023-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஏற்பாட்டை நமது காண்டிராக்டர்கள் அனுசரிக்கும்படி கவுன்சிலர்கள் வற்புறுத்த வேண்டும். மண்வாரி இயந்திரத்தின் ஒரு பல் ஊரின் ஒரு நாள் வேலையைக் கெடுத்துவிடுகின்றது. நான்காவது, கம்பத்தில் ஏறும் தொழிலாளிக்குத் தக்க சம்பளமும், பாதுகாப்பு வாரும், அளவு கருவியும் கொடுக்கப்படுகின்றனவா என்று கேட்க வேண்டும். அவன் வாழ்ந்தாலன்றி நமது இணைப்பு வாழாது.

நண்பர் இன்றும் திண்டிவனத்திலேயே இருக்கின்றார். மாலையில் அமெரிக்காவோடு பேசி முடித்தபின் தந்தைக்கு மருந்து கொடுத்து, தாய்க்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுகின்றார். படித்த இளைஞர் ஊரைவிட்டு ஓடுகின்றனர் என்று நாம் ஐம்பது வருஷமாக மேடைதோறும் வருந்தி வருகின்றோம். திரும்பி வந்தவனை ஊரில் நிறுத்தி வைப்பதற்கு ஒரு மூடியும் ஒரு துணியும் போதுமாயிருந்தன. அவற்றைப் பெறுவதற்கு ஒரு மாதமும் ஒரு எச்சரிக்கைக் கடிதமும் ஆயின. அடுத்த நகராட்சிக் கூட்டத்துக்குச் செல்லும் அன்பர்கள் தத்தம் தெருக்கம்பத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் செல்வார்களாக.